என்எஃப்எல் டிராஃப்ட் விவாதத்தில் இறங்குமுன்: பிக், விலை, ஒப்பந்தம், தேதி

ஏப்ரல் பிறந்தால் டல்லாஸிலும் நியூ ஜெர்சியிலும் அலுவலக மதிய உணவு மேசையில் ஒரே பேச்சுதான். "பதினோராவது பிக்கைக் கொடுத்துட்டுக் கீழே இறங்கிடணும்." "அவரை வித்துடப் போறாங்களாம், கேள்விப்பட்டீங்களா?" அமெரிக்கக் கால்பந்தை ஓரளவு பார்க்கத் தெரிந்தவர்கூட இந்தப் பேச்சில் வாயைத் திறக்கத் தயங்குவார். ஐபிஎல் ஏலம் பார்த்துப் பழகியவருக்குக் குழப்பம் இன்னும் கூடுதல். ஏலத்தில் பையில் காசு இருந்தால் கையைத் தூக்கலாம். டிராஃப்டில் காசு பேசாது, முறைதான் பேசும். கல்லூரியிலிருந்து வரும் ஆட்டக்காரர்களை, அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீகான என்எஃப்எல்லின் 32 அணிகளும் வரிசை பிடித்து ஒவ்வொருவராக எடுக்கும். அந்த வரிசையில் உள்ள ஓர் இடத்துக்குப் பெயர் பிக். அணிகள் கைமாற்றிக்கொள்வது பெரும்பாலும் இந்த இடங்களைத்தான்; அந்தக் கைமாற்றுக்குப் பெயர் டிரேட்.

எந்தப் பேச்சு வந்தாலும் நான்கு கேள்விகளை இதே வரிசையில் கேட்டுப் பழகுங்கள். அது எத்தனையாவது பிக்? அதன் விலை எவ்வளவு? ஆட்டக்காரரின் ஒப்பந்தம் இடம் கொடுக்கிறதா? இன்று தேதி என்ன? இதில் ஒன்றில் இடித்தாலும் அந்த வதந்திக்கு நேரம் செலவிட வேண்டியதில்லை.

வரிசை எப்படி விழுகிறது

டிராஃப்ட் 7 சுற்று. பிளேஆஃபுக்குப் போகாத 18 அணிகள், மோசமான வெற்றி விகிதத்திலிருந்து ஆரம்பித்து 1 முதல் 18 வரை. பிளேஆஃபின் முதல் சுற்றில் தோற்ற 6 அணிகளுக்கு 19 முதல் 24. அடுத்த சுற்றில் தோற்ற நால்வருக்கு 25 முதல் 28. லீகின் இரண்டு பிரிவுகளான கான்ஃபரன்ஸ்களின் இறுதியில் தோற்ற இருவருக்கு 29, 30. லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலில் தோற்றவர் 31, ஜெயித்தவர் 32. இரண்டு அணிகளின் வெற்றி தோல்வி ஒன்றாக இருந்தால், யார் பலவீனமான எதிரிகளோடு ஆடினார்களோ அவர்களுக்கே முந்தைய இடம். லேசான எதிரிகளிடமும் அத்தனை முறை தோற்றிருக்கிறார்கள் என்றால் அவர்கள்தான் இன்னும் மோசமான அணி என்பது தர்க்கம்.

7 சுற்று, 32 அணி என்றால் 224 வர வேண்டும். ஆனால் 2025 டிராஃப்டில் 257 பிக். கூடுதலாக வருபவை ஈட்டுப் பிக்குகள். ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர்களைத் தாங்கள் வாங்கியதைவிட அதிகமாக இழந்த அணிகளுக்கு, அந்த இழப்பை ஓரளவு சரிக்கட்ட, 3 முதல் 7 வரையிலான சுற்றுகளின் கடைசியில் லீக் இவற்றைத் தரும். ஓர் அணிக்கு இப்படி அதிகபட்சம் 4. 2017 முதல் இவற்றையும் டிரேட் செய்யலாம். இதனால்தான் "மூன்றாம் சுற்று பிக்" என்ற சொல்லை நம்பி வாதாடக் கூடாது. மூன்றாம் சுற்றின் முதல் பிக் 65ஆவது. அதே சுற்றின் ஈட்டுப் பிக் 100ஐத் தாண்டிப்போகலாம். பெயர் ஒன்று, சரக்கு வேறு. எப்போதும் எண்ணைச் சொல்லுங்கள்.

தண்டனையாகவும் பிக் பறிபோகும். 2023இல் மயாமி டால்பின்ஸ் தன் முதல் சுற்று பிக்கை இழந்ததால் அந்த ஆண்டு முதல் சுற்றில் 31 பேரைத்தான் எடுத்தார்கள்.

தேதிகள்

பிப்ரவரி கடைசியில் இண்டியானாபொலிஸில் கம்பைன், அதாவது டிராஃப்டுக்கு வரும் கல்லூரி ஆட்டக்காரர்களின் சோதனை முகாம். அங்கே ஓட்டம், தாவல், எடை தூக்கல், மருத்துவப் பரிசோதனை, அணிகளின் நேர்காணல். மார்ச் நடுவில் புதிய லீக் ஆண்டு பிறக்கும்; 2025இல் அது மார்ச் 12. பழைய பருவம் முடிந்த பிறகு அணிகள் டிரேட் பேசி முடிக்கலாம், செய்தியும் வந்துவிடும். ஆனால் அந்த நாள் வரும்வரை அது ஏட்டில் ஏறாது. மார்ச் முழுக்கக் கல்லூரிகளில் புரோ டே, அதாவது அணிகளின் ஆட்கள் பார்க்க அந்தந்தக் கல்லூரியிலேயே நடக்கும் சோதனை நாள். ஏப்ரல் கடைசியில் வியாழன் முதல் சனி வரை டிராஃப்ட். ஜூன் 1 ஏன் முக்கியம் என்பதைக் கீழே தனியாகப் பார்ப்போம். பருவம் தொடங்கிய பிறகு டிரேட்டுக்குக் கடைசி நாள், 2024 முதல் 9ஆவது வாரம் முடிந்ததும் வரும் செவ்வாய், கிழக்கு நேரப்படி மாலை 4 மணி.

தமிழ்நாட்டிலிருந்து பார்ப்பவர்கள் குறித்துக்கொள்ள: முதல் சுற்று அமெரிக்கக் கிழக்கு நேரம் வியாழன் இரவு 8 மணிக்கு என்றால் நமக்கு வெள்ளி அதிகாலை 5.30. இரண்டாம், மூன்றாம் சுற்றுகள் அங்கே வெள்ளி இரவு 7 மணி, இங்கே சனி அதிகாலை 4.30. மீதி நான்கு சுற்றும் அங்கே சனி நண்பகல், இங்கே அன்றிரவு 9.30. நவம்பரில் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போய்விடுவதால் டிரேட் கடைசி நேரம் நமக்குப் புதன் அதிகாலை 2.30 ஆகும்.

பிக்கின் விலையைக் கூட்டிப் பார்ப்பது

சண்டை பெரும்பாலும் இங்கேதான். தீர்க்க வழியும் இங்கேதான் இருக்கிறது.

1990களின் தொடக்கத்தில் டல்லாஸ் கௌபாய்ஸ் பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சன் ஒரு விலைப் பட்டியலைப் பயன்படுத்தினார். அதைக் கணக்குப் போட்டுக் கொடுத்தவர் மைக் மெக்காய் என்ற பொறியாளர். முன்பு நடந்த டிரேட்களை அலசி ஒவ்வொரு பிக்குக்கும் ஒரு புள்ளி வைத்தார். முதல் பிக்குக்கு 3000, இரண்டாவதுக்கு 2600, ஐந்தாவதுக்கு 1700, பத்தாவதுக்கு 1300, பதினாறாவதுக்கு 1000, முப்பத்திரண்டாவதுக்கு 590, நூறாவதுக்கு 100. மேலே செங்குத்தாக இறங்கி, கீழே போகப்போகத் தட்டையாகும் மலைச்சரிவு மாதிரி. இணையத்தில் முழுப் பட்டியலும் கிடைக்கும். ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

2025 டிராஃப்டில் நடந்த டிரேட் ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். கிளீவ்லாண்ட் பிரௌன்ஸிடம் 2ஆவது பிக். ஜாக்சன்வில் ஜாகுவார்ஸிடம் 5ஆவது. பந்து பிடிப்பவராகவும் தடுப்பவராகவும் இரண்டு பக்கமும் ஆடும் டிராவிஸ் ஹன்டர் ஜாகுவார்ஸுக்கு வேண்டும். ஜாகுவார்ஸுக்கு வந்தவை 2, 104, 200 ஆகிய பிக்குகள்: 2600, 86, சுமார் 11. ஆக 2697. கொடுத்தவை 5, 36, 126: 1700, 540, 46. ஆக 2286. இன்னும் 411 புள்ளி துண்டு விழுகிறது. அதற்கு ஈடாகத்தான் 2026 முதல் சுற்று பிக்கையும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

அடுத்த ஆண்டின் பிக்கை எப்படி எடை போடுவது? பழக்கத்தில் உள்ள கணக்கு: ஓர் ஆண்டு தள்ளிப்போனால் ஒரு சுற்று இறக்கு. அடுத்த ஆண்டின் முதல் சுற்று என்றால் இந்த ஆண்டின் இரண்டாம் சுற்று நடுப்பகுதி என்று வை. 48ஆவது பிக்குக்குப் பட்டியலில் 420. துண்டு 411. கச்சிதமாகப் பொருந்துகிறது. "அநியாய விலை கொடுத்துட்டாங்க" என்று கத்துபவரிடம் இந்த இரண்டு வரிக் கூட்டலைக் காட்டினால் போதும்.

ஆனால் அந்தக் கழிவு ஒரு சூதாட்டம் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். 2023இல் கரோலைனா பாந்தர்ஸ் முதல் பிக்குக்காகச் சிகாகோ பேர்ஸிடம் கொடுத்தவை: 9ஆவது பிக், 61ஆவது பிக், 2024 முதல் சுற்று, 2025 இரண்டாம் சுற்று, கூடவே டி.ஜே. மூர் என்ற ஆட்டக்காரர். 1350, 292, தள்ளுபடி போக 420, இரண்டு ஆண்டு தள்ளிய பிக் என்பதால் இரண்டு சுற்று இறக்கி இன்னும் சுமார் 70. மொத்தம் 2130 சொச்சம். 3000க்கு மீதி சுமார் 870. அதாவது மூருக்கு முதல் சுற்றின் நடுவைத் தாண்டிய ஒரு பிக் அளவுக்கு விலை போட்டிருக்கிறார்கள். அன்றைய தேதியில் ஞாயமான கணக்கு. பிறகு பாந்தர்ஸ் அந்தப் பருவத்தில் லீகிலேயே கடைசிக்குப் போனது. 420 என்று மதிப்பிட்டுக் கொடுத்த பிக் 2024இன் முதல் பிக்காக மாறி 3000 ஆனது. அதில் பேர்ஸ் எடுத்தது கேலப் வில்லியம்ஸை. ஆகவே எதிர்காலப் பிக்கைக் கொடுக்கும் அணியைப் பற்றி வாதாடும்போது "அடுத்த வருஷம் இவர்கள் எத்தனை ஆட்டம் ஜெயிப்பார்கள்" என்பதையும் பேசியாக வேண்டும். பலவீனமான அணி எதிர்கால முதல் சுற்றை விற்பது, விளையாத நிலத்தைக் காட்டி முன்பணம் வாங்குவது போன்றதுதான்.

ஜான்சன் பட்டியலை வேதவாக்காகவும் எடுக்க வேண்டாம். அது பிக்குகள் எந்த விலைக்குக் கைமாறின என்பதைச் சொல்கிறது. எடுத்த ஆட்டக்காரர் எவ்வளவு பயன்பட்டார் என்பதை அல்ல. பொருளாதார அறிஞர்கள் கேட் மாசியும் ரிச்சர்ட் தேலரும் ஆய்ந்து சொன்னது, அணிகள் மேல்தட்டு பிக்குகளுக்கு அளவுக்கு மீறி விலை கொடுக்கின்றன என்பது. அதன் பிறகு வந்த பட்டியல்களில் முதல் பிக்குக்கும் முப்பதாவதுக்கும் உள்ள இடைவெளி மிகச் சுருங்கிவிடும். எங்கள் யோசனை: "இந்த டிரேட் நடக்குமா" என்ற கேள்விக்குப் பழைய பட்டியல், "நடந்தது நல்லதா" என்ற கேள்விக்குப் புதியவை. இரண்டையும் கலந்து பேசுவதால்தான் பாதி விவாதம் முடிவே இல்லாமல் இழுக்கிறது. பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்குக்காக வரிசையில் மேலேறும்போது மட்டும் எந்தப் பட்டியலும் நிற்காது. கூடவே ஒரு முதல் சுற்று பிக்கைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2021இல் சான் ஃபிரான்சிஸ்கோ 49ஏர்ஸ் 12இலிருந்து 3க்கு ஏறினார்கள். அந்த 12ஓடு 2022, 2023 முதல் சுற்றுகளையும் ஒரு மூன்றாம் சுற்று பிக்கையும் கொடுத்து டிரே லான்ஸ் என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்தார்கள். 2023 ஆகஸ்டில் அவரை டல்லாஸுக்கு விற்றபோது கிடைத்தது ஒரு நான்காம் சுற்று பிக். நடுவில், 2022 டிராஃப்டின் கடைசி ஆளாக, 262ஆவது பிக்கில் அதே அணி எடுத்த பிராக் பர்டி அவர்களைச் சூப்பர் பௌல் வரை கொண்டுபோனார். இதைக் காட்டி "மேலே ஏறுவதே தப்பு" என்று சொல்பவர் 2017ஐ மறந்துவிடுகிறார். கான்சஸ் சிட்டி 27இலிருந்து 10க்கு ஏறி எடுத்தது, பின்னாளில் லீகின் பெரும் நட்சத்திரமான குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸை.

எந்த இடத்து ஆட்டக்காரருக்கு எந்த பிக்

"ரன்னிங் பேக்கை (பந்தைக் கையில் ஏந்தி ஓடுபவர்) முதல் பத்தில் எடுக்கலாமா" என்பது ஆண்டுதோறும் வரும் சண்டை. விருப்பு வெறுப்பைத் தள்ளிவிட்டுச் சம்பளத்தைப் பாருங்கள். 2010 வரை புதியவர்கள் பேரம் பேசினார்கள். அந்த ஆண்டின் முதல் பிக் சாம் பிராட்ஃபோர்டுக்கு 6 ஆண்டுக்கு 78 மில்லியன் டாலர் ஒப்பந்தம். 2011இல் விதி மாறியது. அந்த ஆண்டின் முதல் பிக் கேம் நியூட்டனுக்கு 4 ஆண்டுக்கு 22 மில்லியன். அன்றிலிருந்து புதியவரின் சம்பளம் பிக் எண்ணை ஒட்டியே தீர்மானமாகிறது. அவர் ஆடும் இடம் எதுவானாலும் ஒன்றுதான். ஒப்பந்தம் 4 ஆண்டு. முதல் சுற்றில் வந்தவருக்கு மட்டும் அணி விரும்பினால் ஐந்தாம் ஆண்டும் நீட்டலாம்.

இப்போது கணக்கு. 2025இல் 6ஆவது பிக்காக லாஸ் வேகஸ் ரெய்டர்ஸ் எடுத்த ரன்னிங் பேக் ஆஷ்டன் ஜென்டிக்கு 4 ஆண்டுக்குச் சுமார் 36 மில்லியன், ஆண்டுக்கு 9. அந்த ஆண்டில் ரன்னிங் பேக் சந்தையின் உச்சம் சாக்வான் பார்க்லியின் 20.6 மில்லியன். புதியவர் உச்ச நட்சத்திரமாகவே ஆனாலும் அணிக்கு மிச்சம் ஆண்டுக்கு 11, 12 மில்லியன். அதே 9 மில்லியனில் எதிரணி குவார்ட்டர்பேக்கைத் துரத்தும் எட்ஜ் ரஷர் ஒருவர் கிடைத்து அவர் உச்சத்துக்குப் போனால்? மைக்கா பார்சன்ஸ் 2025இல் கையெழுத்திட்டது 4 ஆண்டுக்கு 188 மில்லியன், ஆண்டுக்கு 47. மிச்சம் 38. குவார்ட்டர்பேக் என்றால் இன்னும் மேலே: டாக் பிரெஸ்காட்டுக்கு ஆண்டுக்கு 60. 2025இன் முதல் பிக் கேம் வார்டுக்கு நான்கு ஆண்டும் சேர்த்தே 49 மில்லியன் கிட்டத்தட்ட.

அதனால்தான் குவார்ட்டர்பேக், எட்ஜ், டாக்கிள் (குவார்ட்டர்பேக்கைக் காப்பவர்), ரிசீவர் (பந்து பிடிப்பவர்), கார்னர்பேக் (ரிசீவரைத் தடுப்பவர்) ஆகியோர் முன்னே போகிறார்கள். கார்டு (முன்வரிசையின் உள்பக்கத் தடுப்பாளர்), சேஃப்டி (பின்வரிசைக் காவலர்), ரன்னிங் பேக் பின்னே நிற்கிறார்கள். ஜென்டியை எடுத்தது தப்பு என்று இந்தக் கணக்கு சொல்லவில்லை. எடுத்தால் எவ்வளவு மிச்சத்தை விட்டுக்கொடுக்கிறோம் என்பதைச் சொல்கிறது.

ஒப்பந்தம்: பலருக்குத் தெரியாத இடம்

டிரேட் வதந்தியில் புதியவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். என்எஃப்எல்லில் ஒவ்வோர் அணிக்கும் சம்பள உச்சவரம்பு உண்டு. அதுதான் சாலரி கேப். 2025இல் 279.2 மில்லியன் டாலர். ஆட்டக்காரருக்குக் கையெழுத்துப் போனஸாகக் கொடுக்கும் பணம் அன்றே அவர் வங்கிக் கணக்குக்குப் போய்விடும். ஆனால் கேப் கணக்கில் அதை அதிகபட்சம் 5 ஆண்டுக்குப் பிரித்து எழுதலாம். ஆளை நடுவில் விற்றாலோ நீக்கினாலோ, எழுதாமல் மிச்சம் வைத்ததெல்லாம் ஒரேயடியாகக் கணக்கில் ஏறும். அந்தச் சுமைக்குப் பெயர் டெட் மணி.

கற்பனையாக ஒருவரை எடுத்துக்கொள்வோம். 5 ஆண்டு ஒப்பந்தம், போனஸ் 50 மில்லியன். ஆண்டுக்கு 10 மில்லியன் கணக்கில் ஏறுகிறது. இரண்டு ஆண்டு முடிந்துவிட்டது. எழுத வேண்டியது இன்னும் 30. இந்த ஆண்டுச் சம்பளம் 18. அவர் அணியிலேயே இருந்தால் இந்த ஆண்டுக் கேப்பில் 28 பிடிக்கும். மார்ச்சில் விற்றால் சம்பளம் 18 வாங்குபவர் தலைக்குப் போகும். ஆனால் 30 டெட் மணி இங்கேயே விழும். ஆளும் போய், கேப்பும் 2 மில்லியன் மோசமாகும். "விற்றால் காசு மிச்சம்" என்று ரசிகர் நினைப்பது இங்கே தலைகீழ்.

ஜூன் 1க்குப் பிறகு விற்றால் இந்த ஆண்டுக்கு 10 மட்டும் ஏறும், மீதி 20 அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகும். இந்த ஆண்டில் 18 மிச்சம். ஆனால் அதற்குள் ஏப்ரல் டிராஃப்ட் முடிந்திருக்கும். ஆகவே கிடைப்பது அடுத்த ஆண்டின் பிக்குகள்தான். அட்லாண்டா ஃபால்கன்ஸ் ஜூலியோ ஜோன்ஸை விற்றது 2021 ஜூன் முதல் வாரத்தில். கேப் கணக்குக்காகவே அந்தத் தேதி. அவர்களுக்கு டென்னசி டைட்டன்ஸ் தந்தது 2022 இரண்டாம் சுற்றும் 2023 நான்காம் சுற்றும். ஜோன்ஸோடு 2023 ஆறாம் சுற்று பிக் ஒன்று அங்கே போனது. மார்ச்சில் யாராவது "ஜூன் 1க்குப் பிறகு விற்று இந்த டிராஃப்டிலேயே ஆள் எடுப்போம்" என்று சொன்னால், இரண்டும் ஒன்றாக நடக்காது என்று சொல்லிவிடலாம்.

பார்க்க வேண்டியவை இவை. ஒப்பந்தங்களைத் தொகுத்துத் தரும் தளங்களில் ஆட்டக்காரர் பெயரைப் போட்டு, டெட் மணி எண்ணையும் விற்றால் கிடைக்கும் மிச்சத்தையும் ஜூன் 1க்கு முன், பின் என்று தனித்தனியாகப் படியுங்கள். மார்ச் மாதத்தில் தர வேண்டிய ரோஸ்டர் போனஸ் (குறித்த தேதியில் அணியில் இருந்தாலே தர வேண்டிய பணம்) இருக்கிறதா என்று தேடுங்கள்; இருந்தால் டிரேட் பெரும்பாலும் அந்தத் தேதிக்கு முன்பே நடக்கும், விற்கும் அணி ஏன் அதையும் கொடுத்துவிட்டு அனுப்ப வேண்டும்? ஒப்பந்தம் முடியும் ஆட்டக்காரரை இன்னும் ஓராண்டு தக்கவைக்க அணி போடும் முத்திரைக்குப் பெயர் ஃபிராஞ்சைஸ் டேக்; அது விழுந்தவர் அந்த ஓராண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்வரை அவரை விற்க முடியாது. எல்லா டிரேட்டும் உடற்தகுதிப் பரிசோதனையில் தேறினால்தான் செல்லும்.

நிபந்தனைப் பிக் என்பதையும் கவனியுங்கள். 2023இல் குவார்ட்டர்பேக் ஆரன் ராட்ஜர்ஸ் நியூயார்க் ஜெட்ஸுக்குப் போனபோது, கிரீன் பே பேக்கர்ஸுக்குக் கிடைத்தவற்றில் 2024 இரண்டாம் சுற்று பிக் ஒன்று. ராட்ஜர்ஸ் அந்தப் பருவத்தில் அணியின் 65 சதவீத பிளேக்களில் (பந்தை எடுத்து நடத்தும் ஒவ்வொரு முயற்சியும் ஒரு பிளே) களத்தில் இருந்தால் அது முதல் சுற்றாக மாறும் என்பது பேச்சு. அவர் நான்காவது பிளேயிலேயே குதிகால் தசைநாண் அறுந்து வெளியேறினார். பிக் இரண்டாம் சுற்றாகவே நின்றது. ஒப்பந்த அறிவிப்பில் "நிபந்தனை" என்ற சொல் இருந்தால் நிபந்தனையைப் படித்த பிறகு மதிப்புப் போடுங்கள்.

வதந்தி யார் வாயிலிருந்து வருகிறது

செய்தியின் வினைச்சொல்லைப் பாருங்கள். "லிசனிங்" என்றால் கூப்பிட்டால் போனை எடுப்போம் என்பது மட்டும்தான். எல்லா அணியும் எல்லாருக்காகவும் போனை எடுக்கும். "ஷாப்பிங்" என்றால் அவர்களே கூப்பிட்டு விலை கேட்கிறார்கள், இது கனமானது. "எக்ஸ்பெக்டட்" என்றால் கிட்டத்தட்ட முடிந்தது. "அக்ரீட்" என்றால் முடிந்தது. ஆடம் ஷெஃப்டர், இயன் ராப்பபோர்ட் போன்ற இன்சைடர்கள், அதாவது அணிகளின் உள்விவகாரத்தை முதலில் வெளியிடும் செய்தியாளர்கள், இந்தச் சொற்களைப் பார்த்துத்தான் போடுகிறார்கள். அவர்கள் பெயரில் ஓர் எழுத்து மாற்றிப் போலிக் கணக்கு வைத்திருப்பவர்கள் டிராஃப்ட் வாரத்தில் ஈசல்போல் கிளம்புவார்கள். பகிர்வதற்கு முன் கணக்கின் பெயரை எழுத்தெழுத்தாகப் படியுங்கள்.

அடுத்து, இந்தச் செய்தியால் யாருக்கு லாபம்? "மூன்று அணிகள் இவருக்காக மோதுகின்றன" என்றால் விற்பவர் விலையேற்றுகிறார். "அவருக்கு முழங்கால் பிரச்சினை" என்று டிராஃப்டுக்கு முந்தைய வாரம் கசிந்தால், அவர் தங்கள் முறைவரை கீழே வர வேண்டும் என்று ஆசைப்படும் யாரோ பேசியிருக்கலாம். "டிரேட் கேட்கிறார்" என்றால் ஏஜென்ட் சம்பளப் பேரம் நடத்துகிறார். கடைசியில் சொன்னது இரண்டு விதமாகவும் முடியும். கிளீவ்லாண்டின் எட்ஜ் ரஷர் மைல்ஸ் காரெட் 2025 பிப்ரவரியில் அந்த அணியை விட்டுப் போக வேண்டும் என்று வெளிப்படையாகவே கேட்டார். அடுத்த மாதமே அதே அணியோடு ஆண்டுக்கு 40 மில்லியனுக்குக் கையெழுத்திட்டார். பார்சன்ஸ் அதே ஆண்டு ஆகஸ்ட் 1 அன்று அதையே டல்லாஸிடம் கேட்டார். அந்த மாதம் 28ஆம் தேதி இரண்டு முதல் சுற்று பிக்குக்கும் கென்னி கிளார்க் என்ற ஆட்டக்காரருக்கும் ஈடாகக் கிரீன் பேக்குப் போய்விட்டார். இருவருக்கும் உள்ள ஒரு வேறுபாடு ஒப்பந்தத் தளத்திலேயே தெரியும். பார்சன்ஸ் இன்னும் புதியவர் ஒப்பந்தத்தின் ஐந்தாம் ஆண்டில் இருந்தார். விற்றால் டெட் மணி பெரிதாக இல்லை. காரெட் பெரிய ஒப்பந்தத்தின் நடுவில் இருந்தார். காரெட் விஷயத்தில் கேப் கதவைச் சாத்தியது என்று மட்டும் சொல்லிவிட முடியாது. ஆனால் பார்சன்ஸ் விஷயத்தில் கதவு திறந்தே கிடந்தது.

ஏப்ரலில் வரும் "இன்னாரை அழைத்துப் பார்த்தார்கள்" வகைச் செய்திக்கு அதிக மதிப்புக் கொடுக்காதீர்கள். ஓர் அணி 30 பேரைத் தன் இடத்துக்கு அழைக்கலாம். பலரை மறுபடி மருத்துவப் பரிசோதனைக்காகவே கூப்பிடுவார்கள்.

மாக் டிராஃப்டும் கடிகாரமும்

மாக் டிராஃப்ட் என்பது யார் யாரை எடுப்பார்கள் என்ற ஊகப் பட்டியல். மூன்றாவது பிக்கில் ஒன்று தப்பினால் அதன் கீழே எல்லாம் சரியும். ஒன்றை நம்புவதைவிடப் பத்துப் பன்னிரண்டைச் சேர்த்துப் பார்த்து, ஒருவர் பெயர் எந்த எண்ணிலிருந்து எந்த எண்வரை அலைகிறது என்று குறித்துக்கொள்வது பயன் தரும். அப்படியும் சறுக்கும். 2025இல் முதல் சுற்று என்று பலர் எழுதிய ஷெடூர் சாண்டர்ஸ் 144ஆவது பிக் வரை, ஐந்தாம் சுற்றுவரை காத்திருந்தார். அவரை எடுத்த கிளீவ்லாண்ட், 94இல் இன்னொரு குவார்ட்டர்பேக்கை ஏற்கெனவே எடுத்திருந்தது.

கம்பைன் 40 கஜ ஓட்டமும் இப்படித்தான். ஜான் ராஸ் 2017இல் 4.22 வினாடியில் ஓடி அன்றைய சாதனை படைத்தார். சின்சினாட்டி 9ஆவது பிக்கில் அவரை எடுத்தது. அவர் நிலைக்கவில்லை. அடுத்த பிக்தான் மஹோம்ஸ். ஓட்டத்தை, ஆட்டக் காட்சியில் பார்த்த வேகத்தோடு ஒத்துப்போகிறதா என்று சோதிக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்களே ஒரு டிரேட் யோசனை சொல்லும்போது ஒரு சோதனை: அதே பேரத்தை எதிரணி உங்கள் நட்சத்திரத்துக்காகக் கேட்டால் ஒப்புக்கொள்வீர்களா? "மூன்று மூன்றாம் சுற்று பிக்கைக் கொடுத்து அவரைத் தூக்குவோம்" என்பவர்கள் இங்கே மௌனமாகிவிடுவார்கள். அணியில் 53 பேருக்குத்தான் இடம். நாலு சில்லறை சேர்ந்து ஒரு ரூபாய் ஆகலாம், நாலு மாற்று ஆட்டக்காரர் சேர்ந்து ஒரு பார்சன்ஸ் ஆக மாட்டார்கள்.

டிராஃப்ட் இரவில் கடிகாரத்தைக் கவனியுங்கள். 2025இல் முதல் சுற்றில் ஒவ்வொரு பிக்குக்கும் 10 நிமிடம், இரண்டாவதில் 7, மூன்று முதல் ஆறுவரை 5, ஏழாவதில் 4. நேரம் கடைசிவரை ஓடினால் பின்னணியில் பேரம் நடக்கிறது என்று ஊகிக்கலாம். டிரேட் அறிவிப்பு வந்ததும் பட்டியலைத் திறந்து கூட்டிப் பாருங்கள். தொலைக்காட்சி வர்ணனையாளர் சொல்லுமுன் விடை கிடைத்துவிடும். பிக் எடுத்த நொடியில் தெரிந்துகொள்ள விரும்பாதவர் சமூக வலைத்தளத்தை மூடிவிட்டுப் பாருங்கள். மேடையில் பெயர் வாசிப்பதற்கு ஒன்றிரண்டு நிமிடம் முன்பே யாராவது ஒருவர் போட்டுவிடுவார்.

மறுநாள் காலையில் வரும் மதிப்பெண் பட்டியல்களுக்காக நட்பை முறித்துக்கொள்ள வேண்டாம். அணியே தன் முதல் சுற்று பிக்குக்கு மதிப்பெண் போடும் நாள் ஒன்று இருக்கிறது: மூன்றாம் பருவம் முடிந்து வரும் மே மாதத் தொடக்கம். ஐந்தாம் ஆண்டை நீட்டுவதா வேண்டாமா என்று அப்போது சொல்லியாக வேண்டும். 2021இல் முதல் 15 பிக்குக்குள் ஐந்து குவார்ட்டர்பேக்குகள் போனார்கள்: டிரெவர் லாரன்ஸ், சாக் வில்சன், டிரே லான்ஸ், ஜஸ்டின் ஃபீல்ட்ஸ், மேக் ஜோன்ஸ். 2024 மே வந்தபோது மற்ற நால்வரும் வேறு அணிக்குப் போயிருந்தார்கள். ஐந்தாம் ஆண்டு நீட்டிப்பு லாரன்ஸுக்கு மட்டும்தான் கிடைத்தது.